கம்பெனி ஓடிப்போனா பங்கு யாரிடம் இருக்கும்?

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருப்பவர்களிடம் மியூச்சுவல் ஃபண்டு பற்றிப் பேச்செடுத்தால், லாபம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே ஒரு கேள்வி வந்து விழும்: "கம்பெனிக்காரன் மூட்டையைக் கட்டிட்டா யாருகிட்ட தம்பி போய் நிக்கிறது?" சீட்டுப் பணம் போட்டு ஏமாந்த குடும்பம் தெருவுக்கு ஒன்றாவது உண்டு, கேட்கத்தான் செய்வார்கள். ஃபண்டு விநியோகஸ்தனான எனக்கு இது பிடித்த கேள்வியும்கூட. பதிலில் வரும் ஆள் பெயரைத்தான் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்: கஸ்டோடியன்.

எந்தப் பங்கை வாங்குவது, எப்போது விற்பது என்று முடிவெடுப்பது ஃபண்டு நிர்வாக நிறுவனம். வாங்கிய பங்கு அதன் கையில் தங்காது. சொத்து, முதலீட்டாளர்கள் சார்பில் டிரஸ்டிகள் பார்த்துக்கொள்ளும் டிரஸ்டுக்குச் சொந்தம். திட்டத்தின் பெயரில் உள்ள டீமேட் கணக்கை, அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கை, பார்த்துக்கொள்வது கஸ்டோடியன். படகுச் சங்கத்தில் கணக்கு நோட்டு ஒருவரிடமும் பெட்டிச் சாவி இன்னொருவரிடமும் இருப்பதைப் போலத்தான். நிர்வாக நிறுவனமே கடனில் மூழ்கினாலும் அதன் கடன்காரர்கள் இந்தப் பெட்டியைத் தொட முடியாது.

நோட்டும் சாவியும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2008இல் அமெரிக்காவில் அம்பலமான, பெர்னார்ட் மேடாஃப் என்ற முதலீட்டு நிர்வாகியின் மோசடி போதும். முதலீட்டை நிர்வகித்ததும், பாதுகாப்பில் வைத்திருந்ததாகச் சொன்னதும் அவருடைய நிறுவனமேதான். வாடிக்கையாளருக்குப் போன அறிக்கையில் பங்குகள் இருந்தன, பெட்டியில் இல்லை.

சரி, கஸ்டோடியனை எப்படிப் பிடிக்கிறார்கள்? பங்குச் சந்தையையும் ஃபண்டுகளையும் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும், அது வாசற்படி. அடுத்து உறவுமுறை. ஃபண்டைத் தொடங்கிய ஸ்பான்சர் பாதி அல்லது அதற்கு மேல் வாக்குரிமை வைத்திருக்கும் நிறுவனம் அந்த ஃபண்டுக்குக் கஸ்டோடியனாக இருக்கக் கூடாது என்பது 1996ஆம் ஆண்டு செபி விதி. பின்னாளில் கடும் நிபந்தனைகளோடு விலக்கு வந்தது. என்னைக் கேட்டால் விலக்கே தேவையில்லை.

இந்த இரண்டையும் தாண்டி வருபவர்கள் கொஞ்சப் பேர்தான். ஹெச்டிஎஃப்சி வங்கி, சிட்டி வங்கி, டாய்ச்சு வங்கி, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், அப்புறம் ஸ்டேட் வங்கியும் பிரெஞ்சு வங்கியான சொசியேட்டே ஜெனரலும் சேர்ந்து நடத்தும் நிறுவனம் என்று அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள் சில. கட்டணம் சொத்து மதிப்பில் பைசாக் கணக்குதான். அதுவும் திட்டச் செலவில் சேர்ந்து நம் தலையில்தான் விடியும். ஆனால் கட்டணத்தை மட்டும் பார்த்து யாரும் எடுப்பதில்லை. வேலை எத்தனை சுத்தம் என்பதுதான் பேச்சு.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஃபண்டு மேனேஜர் ஒரு பங்கை விற்கிறார். புரோக்கரிடமிருந்து விற்பனை விவரம் வரும், ஃபண்டு நிறுவனத்திலிருந்து உத்தரவு தனியாக வரும். கஸ்டோடியன் இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்ணிக்கை, விலை, திட்டத்தின் பெயர் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகுதான் ஒப்புதல் கொடுப்பார். பொருந்தாவிட்டால் ஒப்புதல் கிடையாது. அந்த வியாபாரத்தின் பொறுப்பு புரோக்கர் தலையில். 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் மறுநாளே பைசல், அதாவது பங்கும் பணமும் கைமாறிவிட வேண்டும் என்பதால் இதற்குக் கிடைப்பது சில மணி நேரம்தான். டிவிடெண்ட், போனஸ், உரிமைப் பங்கு எதையும் தவற விடக் கூடாது. வெளிநாட்டுப் பங்கு வாங்கும் திட்டமென்றால் அந்தந்த நாட்டிலும் துணைக் கஸ்டோடியன் வேண்டும். டிரஸ்டிகள் இதையெல்லாம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் பின்னால் பாடுதான். ஆளை மாற்றுவதென்றால் அத்தனை பங்கையும் புதுக் கணக்குக்கு இடம் மாற்ற வேண்டும்.

தங்கத்தில் பணம் போட்டு, பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கப்படும் ஃபண்டான தங்க இடிஎஃப்பில் வேலை இன்னும் கனம். 99.5 சதவீதத் தூய்மையுள்ள நிஜத் தங்கக் கட்டிகள் பெட்டகத்தில் இருக்க வேண்டும், ஆடிட்டர் நேரில் சரிபார்க்க வேண்டும். ராமநாதபுரம் கடைவீதியில் நகைச்சீட்டு கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சீட்டுப் பணம் கடைக்காரர் கல்லாவுக்குப் போகிறது. அதற்கு நடுவில் சாவிக்காரர் யாரும் கிடையாது.

ஆனால் கஸ்டோடியன் இருக்கிறார் என்பதற்காக நஷ்டமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஃபண்டு நிறுவனம், கடன் பத்திரங்களில் பணம் போடும் தன் ஆறு திட்டங்களை மூடியபோது அந்தப் பத்திரங்கள் களவு போகவில்லை. அவசரத்துக்கு அவற்றை நல்ல விலைக்கு விற்க வழி இல்லை, அவ்வளவுதான். பெட்டியில் இருக்கும் பொருளின் மதிப்புக்குச் சாவிக்காரர் பொறுப்பில்லை.

உங்கள் திட்டத்தின் கஸ்டோடியன் யார் என்பது ஃபண்டு நிறுவன இணையதளத்தில் உள்ள திட்ட ஆவணங்களிலேயே இருக்கும். எந்த ஏஜென்ட்டும் மறைக்க முடியாது. அதைவிட முக்கியம், பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராகத் திட்டத்தின் கணக்குக்குப் போகிறதா என்பது. என் பெயருக்கு ஜிபே பண்ணுங்கள், நான் கட்டிவிடுகிறேன் என்று நானே சொன்னாலும் அனுப்பாதீர்கள். அந்தப் பணத்தைப் பற்றி எந்தக் கஸ்டோடியனுக்கும் தெரியாது.