நீஷ் என்றால் முக்கியமா?

‘ரிவெண்டெல் ஒரு முக்கிய சைக்கிள் பிராண்ட்.’ மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் இந்த மாதிரி வரி ஓயாமல் வருகிறது. மூலத்தில் இருந்த சொல் ‘நீஷ்’ (niche): எல்லாருக்குமாக இல்லாமல், தேடி வருகிற சிலருக்காக இருப்பது. முக்கிய பிராண்ட் என்றால் கும்பகோணத்துக்காரருக்கு ஹீரோவும் ஹெர்குலிஸும்தான் நினைவுக்கு வரும். 1994இல் கிராண்ட் பீட்டர்சன் கலிபோர்னியாவில் தொடங்கிய ரிவெண்டெல் அந்த வரிசையிலேயே இல்லை. பந்தயம் வேண்டாம், இரும்புச் சட்டம் போதும், டயர் அகலமாக இருக்கட்டும், வேட்டி சட்டையோடு ஓட்டினாலும் சரி என்கிற கட்சி அது. (வேட்டி நம் சேர்க்கை.) அதை வாங்குகிறவர் வண்டியோடு அந்தக் கட்சியிலும் சேர்ந்துவிடுகிறார்.

வேர் எளிது. லத்தீனில் கூட்டுக்கு ‘நீடுஸ்’. அது பிரெஞ்சு வழியே சுவரில் சிலை வைக்கும் குழிக்குப் பெயராயிற்று; வணிகத்துக்கு வந்தது வெகு பின்னால்.

‘முக்கிய’ ஏன் தப்பு? அது முகத்திலிருந்து வந்த சொல், முன்னால் நிற்பதைச் சொல்வது. நீஷ் பக்கச் சுவரில் இருப்பது. கோயிலில் முக்கியமானவர் கருவறையில் இருக்கிறார். தட்சிணாமூர்த்தி தெற்குச் சுவர்க் கோட்டத்தில், அதாவது சிலைக் குழியில், இருக்கிறார். ஆனால் குரு தலமான ஆலங்குடிக்கு வியாழக்கிழமை போனால் கூட்டம் எந்தச் சன்னிதியில் என்று தெரியும். நடுவில் இல்லை, ஆனால் தனக்கென்று வருகிறவர்கள் உண்டு. நீஷ் பிராண்டின் இலக்கணம் இவ்வளவுதான். அதை ‘முக்கிய’ என்று எழுதுகிறவர் மூலவரையும் கோட்டத்துச் சிலையையும் இடம் மாற்றி வைக்கிறார்.

‘குறுஞ்சந்தை பிராண்ட்’ என்பாரும் உண்டு. அது பாதி சரி. எல்லாரும் செய்யும் வண்டியையே நூறு மட்டும் செய்கிற கம்பெனியும் சிறியதுதான், ஆனால் நீஷ் ஆகாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ரிவெண்டெல்காரர்கள் பெருமையாகச் சொல்வது லக் (குழாய்கள் சேரும் இடத்தில் மாட்டும் உறை) வைத்துப் பற்றவைத்த சட்டத்தை. நம் வயல்வரப்பில் நெல் மூட்டை சுமந்த கறுப்பு வண்டியிலும் அதே லக் ஒட்டுதான். அங்கே அது கொள்கை, இங்கே வெறும் சைக்கிள். பொருள் ஒன்றே, நிற்கும் இடம்தான் வேறு. ‘குறு’ என்ற சொல் இடத்தைச் சொல்லவில்லை.

அப்படியானால் ‘கோட்டம்’ என்றே சொல்லலாமே? வருவாய்க் கோட்டம், மின்கோட்டம் எல்லாம் குறுக்கே வரும். அதைவிட மோசம், சைக்கிள் கடையில் கோட்டம் என்றால் ரிம் வளைசல். ‘கோட்ட பிராண்ட்’ என்றால் கடைக்காரர் ஸ்போக் சாவியைத் தேடுவார்.

மிஞ்சுவது மாடம். டெல்டாவின் பழைய ஓட்டு வீட்டுச் சுவரில் அகல் வைக்கும் குழி. புறா கூடு கட்டினால் மாடப்புறா. லத்தீன்காரரின் கூடும் தானே வந்து சேர்ந்துவிட்டது. மாடிக்கும் அதே சொல் உண்டே என்பார்கள். விளக்கு மாடத்தை யாரும் மாடி என்று குழப்பிக்கொள்வதில்லை. மாடப் பிராண்ட், மாடச் சந்தை. பிராண்டையும் தமிழாக்கித் தீரவேண்டும் என்றால் நம் தாத்தாக்கள் சொன்ன ‘மார்க்’ போதும். ‘வணிகச் சின்னம்’ என்றால் லோகோவோ டிரேட்மார்க்கோ ஆகிவிடும்.

வெறும் சொல்தானே என்று விட முடியாது. ‘முக்கிய’ என்று படித்தவர் உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும் என்று நம்புவார். இந்த வகை வண்டிகள் பலவற்றில் 650பி என்கிற அளவு ரிம், டயர் உட்காரும் விளிம்பின் விட்டம் 584 மி.மீ. நம்மூர் 26×1⅜ டயர் 590. ஆறு மில்லிமீட்டர்தானே என்று மாட்டினால் தொளதொளக்கும், காற்று ஏற ஏற ரிம்மை விட்டுக் கழன்று டியூப் வெடிக்கும். 28×1½ டயருக்கு 635, பேச்சே இல்லை. இழுத்துக் கட்டிய தோல் சீட் இருந்தால் ஐப்பசி மழையில் உறை போட வேண்டும். நனைந்த தோலில் உட்கார்ந்து ஓட்டினால் தொய்ந்துவிடும். நிழலில் காயுமுன் மூக்கிலுள்ள நட்டைத் தொடக்கூடாது. மாடப் பிராண்ட் என்று எழுதியிருந்தால், வாங்கும்போதே இரண்டு டயர் கூடுதலாகச் சொல்லிவைக்கத் தோன்றியிருக்கும்.

உயிரியல் பாடத்தில் இதே நீஷை ‘வாழிடம்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். வாழிடம் ஹாபிடாட், உயிர் வாழும் இடம்; நீஷ் அங்கே அது வகிக்கும் பங்கு. அங்கேயும் மாடம் காலியாகத்தான் கிடக்கிறது.