ஒரு பக்கத்தை அளந்தால் போதும்

நேரில் போய் அளக்க முடியாத தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அதற்கு உதவுவது முக்கோணம். அதன் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180°, செங்கோணம் இருந்தால் பிதாகரஸ். இவை பள்ளியிலேயே படித்தவை. செங்கோணம் இல்லாதபோது கைகொடுப்பது சைன் விதி: எந்தப் பக்கத்தையும் அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தாலும் ஒரே எண்தான் வரும்.

1802 ஏப்ரலில் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோடு (முதல் முக்கோணத்தின் ஒரு பக்கம்) ஒன்றை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெப்பம் 10° செல்சியஸ் ஏறினால் அந்தச் சங்கிலி 3.5 மி.மீ. நீளும். 400 முறை போட்டால் பிழை கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். அதனால் வெயில் படாமல் கூடாரத்துக்குள் வைத்து அளந்தார்கள். அதன்பின் பெரும்பாலும் சங்கிலிக்கு வேலையில்லை, தியோடலைட் என்ற கோணமானியால் கோணங்களை மட்டும் பார்த்தால் போதும்.

அடிக்கோடு 12 கி.மீ., அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்துப் புள்ளி ஒன்றைப் பார்க்கும்போது தெரியும் கோணங்கள் 50°, 70° என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது கோணம் 60°. 12-ஐ சைன் 60° ஆன 0.866-ஆல் வகுத்தால் 13.86. அதை சைன் 50°, சைன் 70° இரண்டாலும் தனித்தனியே பெருக்க, பக்கங்கள் 10.61, 13.02 கி.மீ. இப்படிக் கிடைத்த பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. (விடை எதிர்மறை எண்ணாக வந்தால் கால்குலேட்டர் பாகையில் இல்லாமல் ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருக்கிறதா என்று பாருங்கள்.)

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், சூத்திரம் சரியாக இருந்தும் விடை கெட்டுப்போகும் இடம். முக்கோணம் 60°, 60°, 60° ஆக இருக்கும்போது ஒரு முனையில் கோணம் 1 நிமிடம், அதாவது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு, பிசகினால் மறுமுனைக்கு எதிரே உள்ள 12 கி.மீ. பக்கத்தில் பிழை 2 மீட்டர்தான். அடிக்கோடு அதே 12 கி.மீ. ஆக இருக்க, 85°, 85°, 10° என்ற ஒல்லி முக்கோணத்தில் அந்தப் பக்கம் 68.8 கி.மீ. ஆகிவிடுகிறது, அதே 1 நிமிடப் பிசகு 110 மீட்டருக்கு மேல் இழுத்துவிடும். சிறிய கோணத்தின் சைன் மிகச் சிறியது. துளி மாறினாலும் விகிதத்தில் அது பெரிய மாற்றம், நாம் வகுப்பதோ அந்த எண்ணால். நில அளவையாளர்கள் 30°-க்குக் குறைந்த கோணத்தைத் தவிர்க்கப் பார்ப்பது இதனால்தான். பாடநூல்களில் ஒல்லி முக்கோணம் கண்ணில் படுவதே அபூர்வம், பிழை எவ்வளவு என்று கேட்கும் வினாத்தாளும் அப்படியே.

இன்னொரு பொறி, இரு பக்கமும் அவற்றுக்கு இடையில் இல்லாத கோணமும் கொடுக்கப்படும்போது. 30°-க்கு எதிரே 5, இன்னொரு பக்கம் 8 என்றால் அந்த 8-க்கு எதிர்க்கோணத்தின் சைன் 0.8. கால்குலேட்டர் 53.1° என்று மட்டும் சொல்லும், ஆனால் 126.9°-உம் பொருந்தும். எது உண்மை என்று களத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தொடர்ந்து போகும் முக்கோணங்களில் பிழை சேர்ந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? 1804-இல் பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோட்டைச் சங்கிலி போட்டே அளந்தார்கள். சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் அதற்கும் வித்தியாசம் சில அங்குலங்கள்.