தந்தி: நரம்பா, கம்பியா, செய்தியா?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் பகுதி. அங்கே போர்த்கர்னோ என்றொரு சின்னக் கடற்கரை. அந்த ஊரின் தந்தி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ‘தந்தி’ என்ற சொல் என்னை விடவில்லை. 1870இல் அந்தக் கரையில் தொடங்கிய கம்பித்தொடர் ஜிப்ரால்டர், மால்டா, எகிப்து, ஏடன் வழியாகப் பம்பாய் வரை வந்தது. அதே ஆண்டின் இறுதியில் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலடியில் கம்பி போட்டார்கள். கப்பலில் வாரக்கணக்கில் வந்த செய்தி, அதன்பின் அதே நாளில் வந்து சேர்ந்தது.

நாம் இதைத் தந்தி என்றோம். ஐரோப்பியர்கள் டெலிகிராப் என்றார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு அல்ல.

டெலிகிராப் என்ற பெயர் கிரேக்க வேர்களைக் கொண்டு பிரான்சில் உருவானது. ‘டெலே’ என்றால் தொலைவு, ‘கிராபேன்’ என்றால் எழுதுதல். 1790களில் குளோத் ஷாப் என்பவர் அமைத்த கருவிக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். அதில் மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. உயரமான கோபுரங்களின் மேல் மரக்கைகளை அசைத்துக் காட்டுவார்கள். அடுத்த கோபுரத்தில் இருப்பவர் தொலைநோக்கியில் பார்த்து அதையே திருப்பிக் காட்டுவார். மின்சாரம் வந்தபோது பழைய பெயர் புதிய கருவிக்குப் போயிற்று. டெலிகிராம் என்ற சொல் 1852இல்தான் அமெரிக்காவில் தலைகாட்டியது. கிரேக்க இலக்கணப்படி அது ‘டெலிகிராபீம்’ என்றல்லவா இருக்க வேண்டும் என்று படித்தவர்கள் சண்டை போட்டார்கள். மக்கள் காதில் வாங்கவில்லை.

நம் சொல்லின் கதை வேறு. ‘தன்’ என்ற வடமொழி வேருக்கு இழுத்து நீட்டுதல் என்று பொருள். அதிலிருந்து வந்தது தந்த்ரீ, அதாவது இழுத்துக் கட்டிய நரம்பு. தமிழில் அது தந்திரி என்றும் தந்தி என்றும் ஆனது. சிலப்பதிகாரத்தில் யாழின் உறுப்புகளில் ஒன்றாகத் தந்திரிகரம் வருகிறது. தனித்தமிழில் இதற்கு நரம்பு என்று பெயர். யாழ் நரம்பு என்றுதான் பழம்பாடல்களில் மிகுதியும் பார்க்கிறோம். வீணைக்கு இன்றும் தந்தி உண்டு, தந்தி வாத்தியம் என்கிறோம். (யானைக்கும் தந்தி என்று ஒரு பெயர் உண்டு. அது தந்தம் உடையது என்ற பொருளில் வேறு வழியாக வந்த சொல். இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.)

அப்புறம் மரத்துக்கு மரம் கம்பி கட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்தார்கள். நம் மக்கள் அண்ணாந்து பார்த்தபோது தெரிந்தது இழுத்துக் கட்டிய நரம்புதான். அதையே பெயராக வைத்துவிட்டார்கள். முதலில் கம்பிக்குப் பெயர், பிறகு அதில் வரும் செய்திக்கும் அதே பெயர். அக்கம்பக்கத்திலும் இப்படித்தான் நடந்தது. மலையாளத்தில் தந்திக்குக் கம்பி என்றே பெயர். இந்தியில் தார், அதுவும் கம்பிதான். கன்னடத்திலும் தெலுங்கிலும் தந்தி என்ற அதே சொல். ஐரோப்பியர்கள் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் பொருளைப் பார்த்து வைத்தோம். கம்பியே இல்லாமல் செய்தி போகும் காலம் வந்தபோதும் நாம் அந்தச் சொல்லை விடவில்லை. ‘கம்பியில்லாத் தந்தி’ என்றோம். நரம்பில்லாத நரம்பு! கேட்ட யாருக்கும் அதில் குழப்பம் வரவில்லை. அந்தச் சொல் அதற்குள் முழுக்க நம்முடையதாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சரி, வடமொழி வேர் வேண்டாம் என்பவர்களுக்குத் ‘தொலைவரி’ என்ற சொல் இருக்கிறது. தொலைபேசி, தொலைக்காட்சி வரிசையில் அமைந்த சொல். ஏட்டுச் சொல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். போர்த்கர்னோவில் பார்த்த ஒரு கருவி என் எண்ணத்தை மாற்றிவிட்டது. இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் 1867இல் உருவாக்கிய, தந்திச் செய்தியைத் தாளில் பதியும் பதிவுக்கருவி அது. நெடுந்தூரக் கடற்கம்பியின் மறுமுனைக்கு வரும் மின்னோட்டம் மிகவும் மெலிந்திருக்கும், மணியையோ சுத்தியையோ தட்ட அதற்கு வலு இருக்காது. அதனால் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயை அசைக்க வைத்தார் தாம்சன். குழாயிலிருந்து மை கசிய, ஓடும் காகித நாடாவில் மேலும் கீழுமாக ஒரு நெளிகோடு விழும். மேலே ஏறினால் தந்திக் குறியீட்டின் புள்ளி, கீழே இறங்கினால் கோடு. அதைப் பார்த்தே எழுத்தைப் படிப்பார்கள். தமிழில் வரி என்றால் கோடு, வரி என்றால் எழுத்து. அந்த நாடாவில் இருந்தது இரண்டும்தான். தொலைவிலிருந்து வந்த வரி!

என் கருத்து இது: கருவிக்கும் முறைக்கும் தொலைவரி என்று எழுதலாம். வந்து சேரும் செய்திக்குத் தந்தியே இருக்கட்டும். கடலடியில் கிடக்கும் கேபிளுக்கு வடம் என்ற சொல் அவ்வளவு பொருத்தம். நடுவில் செம்பு, அதைச் சுற்றி மலாய் நாட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சா உறை, அதன்மேல் சணல், வெளியே முறுக்கிய இரும்புக் கம்பிகள். வெட்டிவைத்த துண்டைப் பார்த்ததும் எனக்குத் தேர்வடம்தான் நினைவுக்கு வந்தது.

தந்தி என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு நிழலும் உண்டு. ‘தந்தி வந்திருக்கிறது’ என்றால் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். பெரும்பாலும் சாவுச் செய்தியாகவோ, உடனே புறப்படு என்றோ இருக்கும். அதுவும் ஆங்கிலத்தில், படிக்கத் தெரிந்தவரைத் தேடி ஓட வேண்டும். அதே சொல் விரைவுக்கும் பெயரானது. 1942இல் மதுரையில் தொடங்கிய நாளிதழுக்குத் தினத்தந்தி என்ற பெயர் அமைந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நின்றது. ஆனால் தந்தியை நாம் ‘அடித்தோம்’ அல்லவா? விரல் நுனியில் தந்திக் கருவியின் விசை கடகடவென்று அடிக்கும் அந்த ஓசை பேச்சில் தங்கிவிட்டது. அருங்காட்சியகத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கியபோது அட்லாண்டிக் காற்று முகத்தில் அறைந்தது. கூட வந்த நண்பர் கம்பளிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு சொன்னார்: “வாங்க போயிடலாம், பல்லெல்லாம் தந்தியடிக்குது.”