பகா எண்: 'முதன்மை எண்' ஏன் பொருந்தாது

629001, நாகர்கோவில் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு. இதைப் பகாக் காரணிப்படுத்தினால் 3 × 3 × 47 × 1487 வரும். இதில் 1487-ஐ 'முதன்மை எண்' என்று சொல்லும் காணொளிப் பாடங்களும் மொழிபெயர்ப்புச் செயலிகளும் பெருகிவிட்டன. தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்த சொல் பகா எண்.

1, தான் என்ற இரண்டே எண்களால் மீதியின்றி வகுபடும் இந்த எண்ணை ஆங்கிலத்தில் ப்ரைம் என்பார்கள். அது லத்தீன் 'ப்ரீமுஸ்' வழி வந்தது. முதல் என்று பொருள். தமிழில் 'பகாத எண்' ஈறு கெட்டுப் 'பகா எண்' ஆனது. நன்னூலின் பகுபதம், பகாப்பதம் என்ற அதே இணைதான் பகு எண், பகா எண். விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாள வழியில் படித்தவர்கள் சொல்லும் 'அபாஜ்ய சங்க்ய'வுக்கும் பகாதது என்றே பொருள்.

'முதன்மை' மூலத்துக்கு நெருக்கம்தானே என்பார்கள். லத்தீனுக்கு நெருக்கம், சரி; தமிழ்க் காதுக்கு? முதன்மைக் கல்வி அலுவலர், முதன்மைச் செயலர் என்று நாளும் கேட்கிறோம். தலைமையானது, முக்கியமானது என்றே அது விழும். 'முதன்மைக் காரணி' என்றால் நோய்க்கோ விபத்துக்கோ முக்கியக் காரணம் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். 629001-இன் 'முதன்மைக் காரணி' எது என்று கேட்டால், பெரியதாக இருக்கிறதே என்று 1487-ஐ மட்டும் எழுதிவிட்டு 3-ஐயும் 47-ஐயும் விட்டுவிட இடமிருக்கிறது. 'பகாக் காரணிகள்' என்று கேட்டால் அந்தக் குழப்பமே வராது.

பகா என்ற சொல் செய்ய வேண்டிய வேலையையும் சொல்லிவிடுகிறது: இது இன்னும் பகுமா என்று பார். 629001-இன் இலக்கக் கூட்டல் 18. ஆக 9-ஆல் வகுபடும், ஈவு 69889. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 7-ஆல் வகுத்தால் மீதி 1, 13-ஆல் வகுத்தாலும் மீதி 1. போதும், இது பகா எண் என்று பேனாவை வைத்துவிடுகிறார்கள். 69889-இன் வர்க்கமூலம் 264-ஐத் தாண்டுகிறது. அதுவரை உள்ள பகா எண்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தாக வேண்டும். 47-இல் பிடிபடும்: 47 × 1487. இனி 1487-ஐச் சோதிக்க வேண்டியதில்லை. அதன் வர்க்கமூலம் 39-க்கும் கீழே. அதுவரையுள்ள பகா எண்கள் எதுவும் 69889-ஐயே மீதியின்றி வகுக்கவில்லை என்றால் 1487-ஐ எப்படி வகுக்கும்?

சார்பகா எண்களுக்கு வந்தால் 'முதன்மை' முற்றிலும் கைவிட்டுவிடும். 4, 9 இரண்டும் பகு எண்கள். ஆனால் 1 தவிரப் பொதுக் காரணி இல்லாததால் ஒன்றுக்கொன்று சார்பகா எண்கள். இவற்றைச் 'சார்முதன்மை எண்கள்' என்றால் எது எதற்கு முதன்மை?

இலங்கைப் பாடநூல்களில் 'முதன்மை எண்' ஊன்றிய வழக்கு. அங்கே படிப்பவர்களுக்கு அது பழகிய சொல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்குள்ள மாணவருக்குப் பாடம் எழுதுபவர் அவர் கையிலிருக்கும் கணக்குப் புத்தகத்தைக்கூடப் புரட்டாமல், அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டுவதுதான் தாங்க முடியவில்லை. இன்னும் சிலர் 'வகுபடாத எண்' என்கிறார்கள். அது அதைவிடத் தவறு: 1487 என்பது 1-ஆலும் 1487-ஆலும் மீதியின்றி வகுபடும். சரியாக அந்த இரண்டே வகுத்திகள் இருப்பதால்தான் அது பகா எண். ஒரே வகுத்தி உள்ள 1 பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை.