லாபம் சரி, கையில் ரொக்கம் எவ்வளவு?

மார்த்தாண்டத்தில் என் ஆடிட் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறைய. அவர்களில் ஒரு சார், பணிக்கொடையின் பெரும்பகுதியை ஒரே நிலக்கரி நிறுவனப் பங்கில் போடப்போவதாகச் சொன்னார். "வருசா வருசம் டிவிடெண்ட் வருது, லாபமும் கூடுது" என்றார்.

அவருக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் உண்டு. "சார், புகைப்புரையில் ரப்பர் ஷீட் அடுக்கியிருக்கிறது, கடைக்காரர் பாக்கி தரவேண்டும். மழையில் பால் வெட்டு நின்ற வாரம் கூலிக்கு எதை எடுத்துக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன். நிலக்கரிக்கும் அதே கேள்விதான். சுரங்க வாசலில் குவிந்த கரி சரக்கிருப்பு. கிடக்கக் கிடக்க தானே சூடேறித் தீப்பிடிக்கவும் செய்யும். மின்நிலையங்கள் தரவேண்டிய பாக்கி எப்போது வரும் என்பது அவர்கள் கையில். இரண்டையும் ஒதுக்கிவிட்டு ரொக்கத்தையும், வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முதிரும் வைப்புகளையும் மட்டும் கூட்டி, நடப்புப் பொறுப்புகளால், அதாவது ஒரு வருடத்துக்குள் தீர்க்கவேண்டிய கடன்களால், வகுப்பதுதான் ரொக்க விகிதம்.

கணக்குக்காக, ஒரு நிறுவனத்தின் நடப்புப் பொறுப்பு 1,000 கோடி, ரொக்கம் 150 கோடி என்று வைப்போம். விகிதம் 0.15, அதாவது தீர்க்கவேண்டிய ஒரு ரூபாய்க்குக் கையில் 15 காசு. உடனே பயப்பட வேண்டாம். இருப்புநிலைக் குறிப்பில் (சொத்து, கடன் பட்டியலில்) 'பிற வங்கி இருப்புகள்' என்ற வரியையும் அதன் குறிப்பையும் படியுங்கள். 3 மாதத்தைத் தாண்டிய டெபாசிட்டுகள் அங்கே இருக்கும், தேவைப்பட்டால் உடைக்கலாம். அதே வரியில் பங்குதாரர் வாங்காத டிவிடெண்டும் இருக்கும். அது நிறுவனத்தின் கைக்காசு அல்ல. சுரங்கத்தை மூடும் செலவுக்காக எஸ்க்ரோ கணக்கில் (அந்தச் செலவுக்கென்றே ஒதுக்கிய வங்கிக் கணக்கில்) போட்ட பணத்தையும் சேர்க்காதீர்கள்.

பொறுப்புப் பக்கத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வாங்குவோர் கட்டிய முன்பணத்தைக் கரி அனுப்பித் தீர்ப்பார்கள். சம்பளம், வெட்டிய கரிக்கு அரசுக்குக் கட்டும் ராயல்டி, ஒப்பந்தக்காரர் பில் அப்படியல்ல, காசாகவே போகும். என்னைக் கேட்டால், விகிதம் குறைவாக இருப்பதைவிட, வரவேண்டிய பாக்கி ஏற ஏற அந்த விகிதம் மூன்று வருடமாகத் தொடர்ந்து இறங்குவதுதான் கவலை.

அப்புறம், கோல் இந்தியா போன்ற தாய் நிறுவனம் என்றால் தனி அறிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். கரி வெட்டுவது பெரும்பாலும் துணை நிறுவனங்கள். அவற்றையும் சேர்த்துக் காட்டும் ஒருங்கிணைந்த இருப்புநிலைக் குறிப்பை எடுங்கள். அதுவும் மார்ச் 31 என்ற ஒரே நாளின் படம். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் செப்டம்பர் 30-க்கும் வெளியிடுகின்றன. சாரிடம் இரண்டையும் அச்சிட்டுக் கொடுத்தேன். பணம் இன்னும் அவர் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது.