மணி பிளான்ட் தொட்டிக்குள் ஒரு ஃபேன்

அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வீடுகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஏசி போடும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது. அறைக்குள் இருப்பதையே சுற்றிவிடும். புது பிளைவுட் அலமாரியின் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு அங்கேயே தேங்கும். அறை சூடானால் கசிவும் கூடும்.

செடி வைத்தால் போதுமா? 1989இல் நாசாவுக்காக வோல்வெர்ட்டன் செய்த ஆய்வில் செடிகள் ஃபார்மால்டிஹைடு, பென்சீன் போன்ற வாயுக்களைக் குறைத்தது நிஜம். ஆனால் அவை இருந்தது மூடிய சிறு பெட்டிக்குள். 2019இல் வந்த மறுஆய்வின் கணக்குப்படி, சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும். கட்டிலை எங்கே போடுவது?

வேலையில் பெரும்பங்கு இலையுடையதல்ல, வேரடியில் வாழும் பாக்டீரியாவுடையது. வாயு முதலில் ஈரப் படலத்தில் கரைய வேண்டும். கரைந்ததைத்தான் அவை தின்று கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்றும். ஃபார்மால்டிஹைடு சுலபமாகக் கரையும், பென்சீன் அவ்வளவாகக் கரையாது. ஆக, காற்றை வேர் வழியே இழுக்க வேண்டும்.

அதற்கான தொட்டியை வீட்டிலேயே செய்யலாம். 30 செ.மீ. சதுரம், 40 செ.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று. அடியிலிருந்து 17 செ.மீ. உயரத்தில், செங்கல் துண்டுகள் மேல் கம்பி வலை. வலைக்குக் கீழே பக்கவாட்டில் 120 மி.மீ., 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன், காற்றை வெளியே தள்ளும்படி. வலைமேல் 15 செ.மீ. உயரத்துக்கு: சுட்ட களிமண் உருண்டை 2 பங்கு, வாயுவைப் பிடித்துவைக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் 1 பங்கு, தென்னை நார்த் துண்டு 1 பங்கு. இந்தக் கலவையில்தான் மணி பிளான்ட்டை நட வேண்டும். நாரின் உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசுங்கள். நார்த்தூள் வேண்டாம், அடைத்துக்கொள்ளும், இந்தச் சிறு ஃபேனுக்கு அதை இழுக்கத் திராணி இல்லை. அடுப்புக்கரி கார்பனுக்கு ஈடாகாது.

ஃபேனைக் கீழிருந்து மேலே ஊத வைப்பவர்கள் உண்டு. காற்று நுழையும் பக்கம்தான் முதலில் காயும். மேலே ஈரமாகத் தெரிய, அடி வறண்டு கிடக்கும். மேலிருந்து இழுத்தால் காய்வது கண்ணில் படும், ஊற்றும் தண்ணீரும் அங்கேயே விழும். ஈரக் காற்றில் ஃபேன் சீக்கிரம் கெடும்தான், அது மலிவு. செடி சுற்றி இடைவெளி விட்டால் காற்று அந்தச் சந்தில் ஓடிவிடும், அழுத்தி நிரப்புங்கள்.

மே மாதம் தினமும் ஈரம் பாருங்கள். டப்பாவின் அடியில் ஒரு துளை போட்டு, அதை ரப்பர் கார்க்கால் அடைத்து, ஊற்றிய பின் திறந்து வடித்துவிடுங்கள். தேங்கினால் நாற்றம், அதோடு டெங்கு கொசு. பாலாற்றங்கரை போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. வெள்ளை படிந்தால் மழைநீரால் நன்றாக அலச வேண்டும். ஆர்.ஓ. கழிவுநீர் கூடவே கூடாது.

கார்பன் மோனாக்சைடுக்கு இதை நம்பாதீர்கள். ஆம்பூர் பக்கம் வீட்டிலேயே ஷூவுக்குப் பசை ஒட்டுபவர்களுக்கும் இது உதவாது. அந்த நெடிக்கு எக்ஸாஸ்ட் ஃபேன்தான்.