அமெரிக்க அரசுக் குடியிருப்பில் துப்பாக்கி வைத்திருக்கலாமா?

வீட்டுக்குள் வைத்திருக்கலாம். துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள ஒருவர், முறையாக வாங்கிய துப்பாக்கியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதை வீட்டுவசதி ஆணையம் ஒட்டுமொத்தமாகத் தடுக்க முடியாது. சமீப ஆண்டுகளில் நீதிமன்றங்கள் போகும் திசை இதுதான். சிக்கல் வருவது வேறு இடங்களில்: வீட்டில் கூட யார் இருக்கிறார்கள், பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது, கதவைத் தாண்டி நடைபாதையில் கால் வைத்ததும் எந்தச் சட்டம் பொருந்தும்.

முதலில் யார் வீட்டுக்காரர் என்று பார்த்துவிடுவோம். அரசுக் குடியிருப்பு என்பது வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் தரும் வீடு; 1937-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் வந்தது. கட்டடம் மத்திய அரசுக்குச் சொந்தமில்லை. நாடு முழுக்க உள்ள சுமார் 3,300 உள்ளூர் வீட்டுவசதி ஆணையங்களுக்குச் சொந்தம். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை பணம் தருகிறது, விதி வகுக்கிறது. துப்பாக்கி கூடும், கூடாது என்று நாடு முழுமைக்கும் அது விதி எதுவும் போடவில்லை. அதனால் ஒவ்வொரு ஆணையமும் தன் வாடகை ஒப்பந்தத்தில் தனக்குத் தோன்றியதை எழுதிக்கொண்டது. 'வளாகத்தில் எந்த ஆயுதமும் கூடாது' என்ற ஒற்றை வரி பல ஒப்பந்தங்களில் இப்படித்தான் நுழைந்தது.

ஒரு காலத்தில் அந்த வரி செல்லுபடியானது. 1990-ல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் குடியிருப்பாளர் சங்கமே வழக்குப் போட்டும், தடை நியாயமானது என்று மத்திய மாவட்ட நீதிமன்றம் சொன்னது. நிலைமையை மாற்றியவை இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். 2008-ல் ஹெல்லர் வழக்கில், தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றது. 2010-ல் மெக்டொனால்டு வழக்கில், அந்த உரிமை மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. ஆணையம் அரசின் உறுப்பு. ஆகவே அதையும் கட்டுப்படுத்தும்.

ஹெல்லர் தீர்ப்பு வந்த சூட்டோடு சான் பிரான்சிஸ்கோ ஆணையத்தின் மீது வழக்குப் பாய்ந்தது; 2009 தொடக்கத்தில் ஆணையம் சமரசத்துக்கு இறங்கி, சட்டப்படி வைத்திருப்பவர்கள் மீது தடையைப் பயன்படுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டது. 2019-ல் இல்லினாயின் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் ஆணையத்தின் தடையை மத்திய நீதிமன்றம் நிறுத்தியது. 2022-ல் டென்னசியின் கொலம்பியா நகர வழக்கில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2024-ல் நியூயார்க்கின் கார்ட்லண்ட் வழக்கில் இடைக்கால உத்தரவாக மத்திய நீதிமன்றமும் குடியிருப்பாளர் பக்கமே நின்றன. மேன் மாநிலம் இதற்கெல்லாம் முந்தியது: 1995-லேயே, மாநிலச் சட்டம் இருக்கும்போது போர்ட்லண்ட் ஆணையம் தனியாகத் தடை போட முடியாது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வர்ஜீனியாவில் இப்போது சட்டமே இருக்கிறது. 'வீட்டுக்குள் துப்பாக்கி வைத்திருக்க மாட்டேன்' என்ற நிபந்தனையை அரசுக் குடியிருப்பு ஒப்பந்தத்தில் சேர்க்கக்கூடாது, மத்தியச் சட்டம் கேட்டாலொழிய. அரசுக் குடியிருப்பைக் குறித்து மட்டும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நேரடியாகத் தீர்ப்புச் சொன்னதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தடையை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. சுவர் மெல்லியது; ஜிப்சம் பலகையைக் கைத்துப்பாக்கித் தோட்டா எளிதாகத் துளைக்கும், அடுத்த அறை பக்கத்து வீட்டுக் குழந்தையின் அறையாக இருக்கலாம். ஆனாலும் ஒப்பந்த வரிக்குக் கட்டுப்படுபவர் யார்? உரிமம் வாங்கி, கையெழுத்துப் போட்டு, ஒழுங்காக இருப்பவர். கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவரை அந்த வரி ஒன்றும் செய்வதில்லை. பூட்டி வை, வெளியே காட்டாதே என்ற விதி ஆபத்து உள்ள இடத்தைத் தொடுகிறது. ஒட்டுமொத்தத் தடை ஏழையாக இருப்பதற்காக ஓர் உரிமையைக் கழற்றி வைக்கச் சொல்கிறது. பணக்கார அடுக்ககத்தின் சுவரும் அதே ஜிப்சம்தானே.

வீட்டு வாசலுக்கு வெளியே என்ன நிலை? நடைபாதை, லிஃப்ட், துணி துவைக்கும் அறை, கூடம் ஆகியவற்றில் துப்பாக்கியை எடுத்துச் செல்வதையும் காட்டுவதையும் ஆணையங்கள் இன்றும் தடுக்கின்றன. டெலவேரில் வில்மிங்டன் ஆணையத்தின் அப்படிப்பட்ட விதியை 2014-ல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அது டெலவேரின் சொந்த அரசியலமைப்பை வைத்துச் சொன்ன தீர்ப்பு. வேறு மாநிலத்தில் அதைக் காட்டி நடைபாதையில் நிற்க முடியாது. நடைமுறையில் பாதுகாப்பான வழி ஒன்றுதான்: தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டியில் வைத்து, வீட்டிலிருந்து வண்டிக்கு நேராகப் போவது. இன்னொரு காரணமும் உண்டு. பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. பல குடியிருப்புகள் அந்த எல்லைக்குள் வருகின்றன. தனியார் நிலத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் ஆணையத்தின் நடைபாதை தனியார் நிலம் என்று வாதாடி அதை நம்பி இருக்க வேண்டாம். தோட்டா நீக்கிய, பூட்டிய பெட்டிக்கும் மாநில உரிமத்துக்கும் உள்ள விலக்குகளே உறுதியானவை.

குடும்பங்கள் அதிகம் மாட்டிக்கொள்வது உடன் வசிப்பவர்கள் விஷயத்தில். ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறைக்காகச் சிறு குற்றத் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறைத் தடை உத்தரவு உள்ளவர், சட்டவிரோத போதைப்பொருள் பயன்படுத்துபவர், மனநலக் காரணத்தால் நீதிமன்றம் காப்பகத்தில் சேர்த்தவர் போன்றோர் துப்பாக்கியைத் தொடக்கூடாது. தடை உத்தரவுப் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் ரஹிமி வழக்கில் உறுதி செய்தது. சுற்றுலா விசாவில் வந்து தங்கியிருக்கும் உறவினருக்கும் பொதுவாக அனுமதி இல்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர. பச்சை அட்டைக்காரருக்குத் தடையில்லை. 'கையில் வைத்திருப்பது' என்பதற்குச் சட்டத்தில் பொருள் அகலமானது: துப்பாக்கி அலமாரியில் இருந்து, அதை எடுக்கும் வசதி தண்டனை பெற்ற மகனுக்கு இருந்தால், அது அவன் கையில் இருப்பதாகவே வழக்குப் போடலாம். ஆகவே பெட்டியின் சாவியோ எண்ணோ உரிமையாளர் ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். தலையணைக்கு அடியில், மெத்தைக்குக் கீழே என்பதெல்லாம் வழக்கறிஞருக்கே தலைவலி.

கஞ்சா தனி வலை. மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டத்தில் அது குற்றம். துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் இதைக் குறிப்பிட்டே கேட்கிறார்கள். பொய் சொன்னால் அதுவே குற்றம். மருத்துவக் கஞ்சா அட்டை உள்ள குடியிருப்பாளருக்கு வீடும் துப்பாக்கியும் இரண்டுமே ஆபத்தில்தான்.

மாநில உரிமத்தையும் விட்டுவிடக்கூடாது. இல்லினாயில் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டா வைத்திருக்கவும் துப்பாக்கி உரிமையாளருக்கென மாநிலம் தரும் அடையாள அட்டை வேண்டும். நியூயார்க்கில் கைத்துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். அங்கே 18 வயதுக்குக் குறைந்தவர் வீட்டில் இருந்தால் பூட்டி வைப்பது கட்டாயம்.

வவுச்சரில், அதாவது வாடகையில் ஒரு பகுதியை அரசு கட்டும் உதவியில், தனியார் வீட்டில் இருப்பவருக்கு மேலே சொன்ன தீர்ப்புகள் அப்படியே பொருந்தாது. வீட்டுக்காரர் அரசு அல்ல. பெரும்பாலான மாநிலங்களில் அவர் ஒப்பந்தத்தில் தடை எழுதலாம். மின்னசோட்டாவிலும், 2019 முதல் டெக்சாஸிலும் மாநிலச் சட்டம் குடியிருப்பாளரைப் பாதுகாக்கிறது.

துப்பாக்கி தேடி ஆணைய ஊழியர் வீட்டுக்குள் வர முடியாது. சிகாகோ ஆணையம் வாரண்ட் இல்லாமல் வீடு வீடாகச் சோதித்ததை 1994-ல் மத்திய நீதிமன்றம் நிறுத்தியது. பழுது பார்க்கவோ ஆய்வுக்கோ வர, காரணம் எழுதி இரண்டு நாள் முன்பே தர வேண்டும். அவசரம் என்றால் மட்டும் முன்னறிவிப்பு வேண்டாம். அப்படி வந்தவர் மேசைமேல் கிடக்கும் துப்பாக்கியைப் பார்த்தால் குறித்துக்கொள்வார். ஆய்வு நாளில் பெட்டி பூட்டியிருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் புதிய துப்பாக்கி விதி சேர்ப்பதாக இருந்தால், அமலுக்கு வர 60 நாள் முன்பே எழுத்தில் தர வேண்டும். பழைய தடை வரி உங்கள் ஒப்பந்தத்தில் இன்னும் இருந்தால், அது செல்லாது என்று நீங்களே முடிவு கட்டி மீற வேண்டாம். உள்ளூர் சட்ட உதவி அலுவலகத்தின் வழியே கடிதம் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வெளியேற்ற அறிவிப்பு வந்துவிட்டால் காலம் குறைவு. பிறர் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்றால் 30 நாளைத் தாண்டாத 'நியாயமான' அவகாசம் மட்டுமே. கைது, தண்டனை எதுவும் இல்லாமலே ஆணையம் நடவடிக்கை எடுக்கலாம். குடும்பத்தினரோ விருந்தாளியோ செய்த போதைக் குற்றத்துக்கு, தெரியாமல் இருந்த குத்தகைதாரரையும் வெளியேற்றலாம் என்று 2002-ல் ரக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. கடுமையான விதி, ஆனால் நடைமுறையில் இருப்பது. குற்றச் செயல் காரணம் என்றால் ஆணையமே நடத்தும் குறைகேட்பு விசாரணையைத் தவிர்த்து நேராக நீதிமன்றம் போகவும் பல மாநிலங்களில் ஆணையத்துக்கு வழி உண்டு. அதனால் அறிவிப்பு கைக்கு வந்த அன்றே, வழக்குக்குத் தொடர்புள்ள ஆவணங்களைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். விசாரணைக்கு முன் அவற்றைக் காட்ட மறுத்தால் ஆணையம் வெளியேற்றத்தைத் தொடர முடியாது. தவறு செய்தவரை மட்டும் வெளியேற்றி மற்றவர்களை இருக்கவிடவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, கேட்டால்தான் பரிசீலிப்பார்கள்.

கணவரோ காதலரோ துப்பாக்கி காட்டி மிரட்டியதால் வந்த அறிவிப்பு என்றால், பாதிக்கப்பட்ட பெண்ணை அதற்காக வெளியேற்றக்கூடாது. ஆணையம் எழுத்தில் சான்று கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் மத்திய வீட்டுவசதித் துறையின் ஹட்-5382 படிவத்தை நிரப்பித் தரலாம். பொதுவாக அந்தச் சுயசான்றே போதும், போலீஸ் அறிக்கை வேண்டியதில்லை.